தராசுக்கு வராத பைகள்

குடியிருப்போர் கூட்டத்தில் பல் டாக்டரோடு மல்லுக்கு நின்ற துணிப்பை அக்கா, கோபத்தில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு திரும்பியதைப் போன வாரம் பார்த்தோம். செருப்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கோபம் மட்டும் கூட்டம் முடிந்து இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். மீந்த துணியில் பை தைத்து எல்லா மாடிக்கும் சும்மா கொடுத்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் எதுவும் அவளுக்கு ஆகாது. மீன் வாங்கப் போனால் கையில் டப்பா, டீ வாங்கப் போனால் பிளாஸ்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையையும் மாடிப்படிக்குக் கீழே தராசில் தொங்கவிட்டு, எடையைப் பலகையில் எழுதுகிற ஏற்பாடே அவள் கொண்டுவந்ததுதான்.

அந்த வீட்டுக்குத்தான் அவள் தம்பி வந்து சேர்ந்தான். விதிக்கு வேறு விலாசம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யலாமென்றால் இதயம் தாங்காது என்றார்கள். அதனால் வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்கிற டயாலிசிஸைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் புதிதாக ஒரு மருந்துப் பை, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு வெறும் பை, இரண்டையும் இணைக்க ஒரு குழாய், மேலே ஓர் உறை. எல்லாம் முடிந்ததும் வயிற்றுக் குழாயின் வாயை அடைக்கக் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு மூடி. எல்லாமே பிளாஸ்டிக். எல்லாமே ஒரு தடவைக்குத்தான்.

"எங்களை எல்லாம் மிரட்டறீங்க. உங்க வீட்டுலேர்ந்துதான் மூட்டை மூட்டையா இறங்குது" என்று கூட்டத்தில் கேட்டார் பல் டாக்டர்.

"அது மருந்துப் பை. அது கணக்குல வராது."

"தராசுக்கு அதெல்லாம் தெரியுமா?"

கூட்டம் சிரித்துவிட்டது. வீட்டுக்கு வந்த அக்கா, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "நம்ம வீட்டுக் குப்பையே என் மானத்தை வாங்குது" என்றாள். பல் டாக்டரைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். எதிரே தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிதானமாகச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான்.

இதுதான் இதுவரை நடந்தது. போன ஞாயிறு தராசு ரிப்பேர், எடை போடவில்லை. இனி இந்த ஞாயிற்றுக்கிழமை.

காலையிலேயே மாடிப்படிக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. தராசைப் பல் டாக்டர் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று ஒரு பெரிய நாள் என்பது சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்ததிலேயே தெரிந்தது. அக்கா வீட்டுப் பையைக் கொக்கியில் மாட்டினார். முள் எழுந்திருக்கவே யோசித்தது.

"என்னங்க இது, காத்து மட்டும் அடைச்சிருக்கா?"

"நீங்களே பிரிச்சுப் பாருங்க டாக்டர்" என்றாள் அக்கா. பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

பையில் இரண்டு பேனாவும் ஒரு பற்பசைக் குழாயும் கிடந்தன. பலகையில் அக்கா வீட்டு எடையைத் தன் கையாலேயே எழுதவேண்டியதாயிற்று டாக்டருக்கு. குடியிருப்பிலேயே குறைந்த எடை. யாரோ கைதட்டினார்கள்.

மருந்துப் பைகள் எங்கே போயின என்று அவள் கேட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு வாரமாகக் குப்பைக் கூடையில் அவை கண்ணில் படவே இல்லை. ஆஸ்பத்திரியிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவருவதாக அவள் வீட்டுக்காரர் ஒரு நாள் சொல்லியிருந்தார். அவர்தான் ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள். அவரோ, அக்காதான் யாரையோ பிடித்து ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று இருந்தார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் இந்த மாதிரி எத்தனையோ காரியங்கள் யாரும் செய்யாமலே நடந்திருக்கின்றன.

மேலே ஓடிவந்தாள். தம்பியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பை மாற்றும்போது கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் செய்யவேண்டும். அதனால் வெளியிலேயே நின்றாள்.

"டேய், முள்ளே அசையலடா! டாக்டர் மூஞ்சியப் பாக்கணுமே!"

"வரேங்கா."

குரல் அவன் குரல் மாதிரி இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தான், மறு கையில் வெளியே எடுத்த தண்ணீர் நிறைந்த பை. அவளைத் தாண்டிக் குளியலறைக்குப் போகப் பார்த்தான்.

தினமும் காலையில் இந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. வெளியே எடுத்த பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடிக்கவேண்டும். எழுத்து தெரிந்தால் எல்லாம் சரி. தெரியாவிட்டால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த பரீட்சை இது. பை வழியாகத் தலைப்புச் செய்தியைச் சத்தம் போட்டு வாசிப்பது அக்காவின் வேலை.

"இன்னிக்கு வேண்டாங்கா. நானே பாத்துட்டேன்."

"குடுடா."

"சொன்னா கேளு."

பிடுங்கினாள். மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்துப் பின்னால் பிடித்தாள். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. தலைப்புச் செய்தியின் கொட்டை எழுத்துக்கூடத் தெரியவில்லை. பேப்பரை இன்னும் நெருக்கி வைத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலமே கொஞ்சம் கலங்கலா..."

"ஏண்டா சொல்லல?"

"இன்னிக்கு உனக்கு எடை போடற நாளு" என்றான் தம்பி.

அக்காவின் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். பதற்றப்படுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே வயதானவர் என்பதால் லேசில் பதற மாட்டார். அவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னாள். உடனே கிளம்பவேண்டும். பரிசோதனைக்கு அந்தத் தண்ணீரைக் கொட்டாமல், சுத்தமான பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவரவேண்டும்.

"ஒரு கவர் எடும்மா" என்றார் வாத்தியார்.

அக்கா சமையலறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள். துணிப்பைகள். அடுத்த அலமாரியில் கண்ணாடி பாட்டில்கள், ஸ்டீல் டப்பாக்கள். பரணில் பழைய பைகளின் மேல் புதுப் பைகள். ஒவ்வொன்றாக உருவிப் போட்டுத் தேடினாள். அந்த வீட்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இல்லை. எப்படி இருக்கும்? அதை ஒழித்துக்கட்டத்தானே அவள் இத்தனை வருஷம் பாடுபட்டாள்.

மருந்துப் பையின் உறையிலாவது வைக்கலாமென்றால், அவற்றை எல்லாம் நீளவாக்கில் கிழித்திருந்தான் தம்பி. துணிப்பையில் வைத்துப் பார்த்தாள். பை நுனியிலிருந்து சொட்டியது, துணி நனைந்தது.

அவள் படியில் இறங்கி ஓடினாள். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பல் டாக்டர் கதவைத் திறந்தார். அவர் கையில் இன்னும் தராசு இருந்தது.

"ஒரு பிளாஸ்டிக் பை இருந்தா குடுங்களேன்" என்றாள் அக்கா.

டாக்டர் வாய் திறந்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சொல்வதற்கு ஏகப்பட்டது அவரிடம் இருந்திருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவுடன் உள்ளே போனார். ஒன்று கேட்டவளுக்கு ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பிக்கா?" என்றார். அவள் தலையாட்டினாள். அதற்குமேல் நின்றால் அழுதுவிடுவாள் என்று திரும்பி ஓடினாள். அந்த ஆளை நன்றாகத் திட்டக்கூட இனி முடியாது.

வாத்தியாரின் கார், கற்றுக்கொள்கிறவர்களின் கார். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அக்கா அங்கே உட்கார்ந்திருந்தாள். மடியில் கவரில் கட்டிய பை. பின்னால் தம்பி காலை மடக்கிப் படுத்திருந்தான். கார் நாலு தெரு தாண்டுவதற்குள் நடுரோட்டில் திடுக்கென்று நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"காலை எடும்மா" என்றார் வாத்தியார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்க. காலைத் தூக்கி மேல வச்சுக்கோ."

அவள் காலைச் சம்மணமிட்டு இருக்கையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கால் தானாக இறங்கிவிட்டது. கார் மறுபடி நின்றது.

"என்ன அத்தான், புது ஸ்டூடண்டா?" என்றான் தம்பி பின்னாலிருந்து. சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வலியாக மாறிவிட்டது.

"பேசாம படு மச்சான்" என்றார் வாத்தியார். வண்டியைக் கிளப்பும்போது அவரே கியரைத் தப்பாகப் போட்டதை அக்கா பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பையை வாங்கினாள், வெளிச்சத்தில் பார்த்தாள், ஓர் ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். புதுப் பையில் கிருமிக்கான மருந்தைக் கலந்து தம்பியின் வயிற்றுக்குள் ஏற்றினாள். உறையைக் கிழித்தாள், கையுறையைக் கழற்றினாள், வேறு போட்டாள், ஊசியின் உறையைக் கிழித்தாள். கட்டிலுக்குக் கீழேயிருந்த தொட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. பழக்கதோஷத்தில் அக்காவின் கண் அந்தத் தொட்டியின் மேலேயே இருந்தது. சட்டென்று அவளுக்கே அது அசிங்கமாகப் பட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுல எப்படிப் பண்றீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

தம்பி சொன்னான். கை கழுவுவது, முகத்தைக் கட்டுவது, கதவைச் சாத்துவது. மெக்கானிக் அல்லவா, ஒரு படி விடாமல் வரிசையாகச் சொன்னான்.

"கடைசில மூடி?"

"மூடி போடுவேன்."

"புது மூடி?"

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்டீல் டப்பாவை எடுத்துக் கட்டிலில் வைத்தான். வாத்தியார் அதைத் திறந்தார். உள்ளே மூடிகள். வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டு அழுக்கில்லாமல்.

"நல்லா கொதிக்க வச்சுதான் சிஸ்டர். அப்புறம் மருந்துத் தண்ணில ஊறப் போட்டு, வெயில்ல காய வச்சு... லிஃப்ட்ல பேரிங்கையே கழட்டிக் கழுவி மாட்டுவோம், பத்து வருஷம் ஓடும். இது வெறும் மூடிதானேன்னு..."

"புது மூடிக்குள்ள ஒரு சின்னப் பஞ்சு இருக்கும், பாத்திருப்பீங்க. கிருமி மருந்து அதுலதான் இருக்கு" என்றாள் நர்ஸ். "கொதிக்க வச்சா அது போயிடும். அப்புறம் அது மூடி இல்லை. தொறந்த கதவுதான்." திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"யாருடா சொன்னா உனக்கு இப்படிப் பண்ணச் சொல்லி?" என்றாள் அக்கா.

"யாரும் சொல்லலக்கா."

"யாரும் சொல்லாம எப்படிடா?"

"யாரும் சொல்லல" என்றான் மறுபடி. அவளைக் காப்பாற்றுகிற மாதிரி சொன்னான். வாத்தியார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்று சாப்பாட்டு மேஜையில் அவரும்தான் இருந்தார்.

நர்ஸ் போனபின் அவர்தான் கேட்டார். "சரி மச்சான். மூடி போகட்டும். பையெல்லாம் எங்க?"

"மேல மெஷின் ரூம்ல."

"எந்த மெஷின் ரூம்?"

"நம்ம லிஃப்ட் மெஷின் ரூம்தான். மொட்டை மாடில. இந்த லிஃப்டுக்கும் நான்தானே மெக்கானிக், சாவி எங்கிட்டதானே இருக்கு." அவன் அக்காவைப் பார்க்காமல் பேசினான். "அங்க யாரும் வர மாட்டாங்க. எங்கேயாவது கொண்டுபோய்க் கொடுக்கற வரைக்கும் இருக்கட்டும்னு... நல்லா மடிச்சு அடுக்கித்தான் வச்சிருக்கேன். மோட்டார்மேல படாம."

"லிஃப்ட்ல எடுத்துட்டுப் போனியா?"

"லிஃப்ட்ல போனா எல்லாரும் பாப்பாங்களே. படில."

வயிற்றில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு, பலவீனமான இதயத்தோடு, மற்றவர்கள் தூங்கி எழுமுன் பைகளைத் தூக்கிக்கொண்டு அவன் மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறான். அதே கட்டிடத்தில், விடிந்தபின் கீழே அக்கா பலகை துடைத்து, சாக்பீஸ் எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலையில் கேட்ட கைதட்டல் இப்போது அவள் காதில் விழுந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. போகவும் முடியவில்லை, அவன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தான்.

"இனிமே நான் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேண்டா. பலகை, தராசு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன்."

"ஏன்?"

"ஏனா? என்னாலதானே இப்படி ஆச்சு."

"நீ சொன்னதுல என்னக்கா தப்பு?" என்றான் தம்பி. "மெஷின் ரூம்ல போய்ப் பாரு. ரெண்டு வாரத்துப் பைதான். கூரை வரைக்கும் வந்துடுச்சு. ஒரே ஒரு ஆள் உசிரோட இருக்கறதுக்கு இவ்ளோவான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பையைக் கழுவிப் போட முடியாது. குழாயையும் முடியாது. மூடியாவது மிச்சமாகட்டுமேன்னு பாத்தேன்."

அவள் தப்பு செய்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். அவன் பொய் சொல்லியிருந்தால் திட்டலாம். அவள் சொன்னதும் நியாயம், அவன் உயிரோடு இருப்பதும் நியாயம். இந்த இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஜுரம் கொதித்தது.

"கோவமாக்கா?"

"ஆமா" என்றாள். அழுதாள். சேர்த்து அடக்கி வைத்ததை எல்லாம் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான்.

"மருந்து ஏத்தியிருக்கோம். ரெண்டு மூணு நாள்ல தண்ணி தெளிஞ்சா குழாய் தப்பிச்சுது. தெளியலைன்னா குழாயை எடுத்தாகணும்."

"எடுத்துட்டா மெஷின்ல பண்ணலாமில்ல டாக்டர்?" என்றார் வாத்தியார்.

"பண்ணலாம். இவர் இதயத்துக்கு அது எவ்ளோ நாள் ஒத்துவரும்னு எனக்குச் சொல்லத் தெரியல. அதனாலதானே முதல்ல வேண்டாம்னு சொன்னோம்."

"நாங்க என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றாள் அக்கா. "எதுவா இருந்தாலும் பண்றோம்."

"இப்ப நீங்க பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. காத்துக்கிட்டு இருக்கணும், அவ்ளோதான்."

ஒரு வேலை சொல்லியிருந்தால் ராத்திரி பகலாகச் செய்திருப்பாள். ஒன்றும் இல்லை என்பதைத்தான் அவளால் செய்ய முடியாது.

டாக்டர் கிளம்பியவர் நின்றார். நர்ஸ் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"தெளிஞ்சாலும் ஒரு விஷயம் இருக்கு. இது வீட்டுல வச்சுப் பண்ற வைத்தியம். ஒரு மூடியைத் தூக்கிப் போட இவர் பயப்படற வீடா இருந்தா, மறுபடியும் இதுதான் நடக்கும். அப்ப என் கையில ஒண்ணும் இருக்காது." தம்பியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா பயம் இல்லாம இருப்பீங்களா?"

"இருப்பான் டாக்டர்! நான்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

டாக்டர் கையைக் காட்டினார். "அவர் சொல்லட்டும்."

தம்பி டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதில் சொன்னால் அவளுக்குச் சங்கடமில்லாமல் இருக்கும் என்று தேடிப் பார்த்தான். அவள் அழுத முகத்தோடு அவசர அவசரமாகத் தலையாட்டினாள்.

"இருப்பேன் டாக்டர்" என்றான்.

டாக்டர் அவன் பதிலைக் கேட்டதைவிட அவன் பார்த்ததைத்தான் கவனித்திருந்தார்.

"சரி. ரெண்டு நாள் கழிச்சு இதையே மறுபடியும் கேக்கறேன்" என்றார். அக்காவிடம், "அப்ப நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.